கலியாணமும் மிஷன் பயணமும் ஒரே ஆண்டில்: வன்னிக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"வெளிநாடு போறதெண்டால் கலியாணத்தை முடிச்சுப்போட்டுப் போ." கிளிநொச்சியிலிருந்து மன்னார் வரை, கிறிஸ்தவ மிஷன் ஊழியத்துக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகளில் இந்தச் சொல்லைக் கேட்காதவர்கள் குறைவு. சபை ஒரு குழுவை உகண்டாவுக்கோ இந்தியாவுக்கோ அனுப்பத் தீர்மானிக்கும்போது, அதே ஆண்டில் வீட்டில் சம்பந்தம் பேசி முடிந்திருக்கும். இரண்டும் நல்ல காரியம். ஆனால் இரண்டுக்கும் ஓடுவது அதே நாலு பேர், அதே ஒரு மோட்டார் சைக்கிள், அதே வங்கிப் புத்தகம்.

சிக்கல் பெரும்பாலும் எங்கே வருகிறதென்றால், கலியாண வேலையை வீட்டார் ஒரு பக்கமும் பயண வேலையைச் சபையார் இன்னொரு பக்கமும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் தொடங்கிவிடுவதில்தான். நாட்காட்டியும் ஆவணக் கோப்பும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். காசுப் பை மட்டும் இரண்டாக இருக்கட்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு ஒழுங்கில்தான் போகிறது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது: தனித்தனியாகவா, தம்பதியாகவா?

திகதி பார்ப்பதற்கு முன் இதைப் பேசி முடியுங்கள். இரண்டு மூன்று வாரப் பயணம் என்றால், மணமக்கள் இருவரும் போனாலும்கூட ஒவ்வொருவரும் தன் தன் கடவுச்சீட்டில் தனித்தனியாக விசா எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் விவாகச் சான்றிதழ் அங்கே ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஓராண்டு, ஈராண்டு ஊழியத்துக்குப் போகிறவரின் துணைவராகவே மற்றவர் விசா எடுக்க வேண்டுமென்றால், விவாகப் பதிவு முடிந்து, சான்றிதழ் கையில் வந்து, மொழிபெயர்த்த பிறகுதான் விண்ணப்பமே போடலாம். முதல் வகைக்குக் கலியாணத்தையும் பயணத்தையும் கொஞ்சம் நெருக்கி வைக்கலாம். இரண்டாம் வகைக்கு இடையில் மாதங்கள் வேண்டும்.

ஒருவர் மட்டும் போகிறார் என்றால்? கலியாணம் முடிந்த மறுமாதமே மாப்பிள்ளை தனியே பறப்பதை வீட்டார் சரி என்று தலையாட்டினாலும், ஊர் வேறு கதை கட்டும். பயணத்தை முதலில் முடித்துவிட்டு வந்து தாலி கட்டுவது நல்லது என்பது என் எண்ணம். சபைப் பெரியவர்கள் பெண் வீட்டாரோடு இருந்து இதைப் பேசினால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

திகதி வைப்பது

வன்னியில் திகதி வைப்பவர் போதகரோ பங்குத்தந்தையோ மட்டுமில்லை. வயலும் சேர்ந்துதான் வைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பந்தல் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காலபோக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் முடிந்துதான் வீட்டில் காசு புழங்கும். ஆனால் தவக்காலம் வந்து விழுவதும் அங்கேதான். 2027ஐ எடுத்துக்கொண்டால், பெப்ரவரி 10 திருநீற்றுப் புதன், மார்ச் 28 உயிர்ப்பு ஞாயிறு. கத்தோலிக்கர் இந்த நாட்களில் ஆடம்பரக் கலியாணம் வைப்பதில்லை. மற்றச் சபைகளிலும் லெந்து நாட்களைத் தவிர்க்கும் வழக்கம் இருக்கிறது. நெல் விற்ற காசு கையில் இருக்கும், கோயிலில் நாள் இருக்காது.

சரி, உயிர்ப்புக்குப் பிறகு பார்ப்போம் என்றால், சித்திரைப் புத்தாண்டையொட்டி அலுவலகங்கள் ஒரு கிழமை மந்தமாக ஓடும். பிறகு மே 12 முதல் 18 வரை. முள்ளிவாய்க்கால் நினைவு வாரத்தில் இங்கே யாரும் பந்தல் போடமாட்டார்கள். மாவீரர் வாரமான நவம்பர் 21 முதல் 27 வரையும் அப்படித்தான். புலம்பெயர் உறவினர் சிலர் விமானச் சீட்டு மலிவு என்று இந்த நாட்களைக் கேட்பதுண்டு. காரணத்தை நேராகச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

ஜூலை 2, ஓகஸ்ட் 15 ஆகிய மடு மாதா கோயில் திருவிழா நாட்களையும் ஒதுக்கிவிட்டால், மிஞ்சுவது பொங்கலுக்குப் பிறகு தவக்காலம் தொடங்கும் வரையான சில கிழமைகள், ஏப்ரல் கடைசி, ஜூன், பிறகு ஜூலை ஓகஸ்ட்டின் மிச்ச நாட்கள். கனடாவிலும் சுவிஸிலும் இருந்து சனம் வருவது ஜூலை, ஓகஸ்ட்டில்தான். அப்போது மண்டபக் கூலியும் வான் கூலியும் ஏறிவிடும். கச்சான் காற்று வேறு தகரப் பந்தலைத் தூக்கப் பார்க்கும். ஓகஸ்ட்டில் பயணம் இருக்கிற தம்பதிக்கு நான் ஏப்ரல் கடைசியைச் சொல்வேன். ஜூனைவிட வெயில் கூடத்தான், ஆனால் விசாவுக்கும் விருந்துக்கும் இடைவெளி கிடைக்கும்.

எப்படி வைத்தாலும், கலியாணத்துக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் இடையில் ஒரு மாதமாவது விடுங்கள்.

பதிவு: நாட்களை எண்ணித் தொடங்குங்கள்

பொது விவாகப் பதிவுச் சட்டத்தின்படி, அறிவித்தல் கொடுப்பவர் அந்தப் பதிவாளர் பிரிவில் குறைந்தது 10 நாட்கள் வசித்திருக்க வேண்டும். மணமக்கள் வெவ்வேறு பிரிவில் இருந்தால் இரண்டு பதிவாளரிடமும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அறிவித்தல் பதிந்து 12 நாட்கள் கழிந்துதான் பதிவாளர் சான்று தருவார். அறிவித்தல் பதிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கலியாணம் முடிய வேண்டும். அவசரத்துக்கு விசேட அனுமதிப் பத்திரம் எடுக்கலாம். ஆறு மாதத்துக்கு முன்பே திகதி தெரிந்த கலியாணத்துக்கு அந்தச் செலவு எதற்கு?

கோயிலில் ஓலை வாசிப்பது, அதாவது கலியாண அறிவித்தலை ஆராதனையில் வாசிப்பது, இதற்கு வேறு. மூன்று ஞாயிறு வாசிப்பு, திருமண ஆயத்த வகுப்பு, புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாவற்றையும் பங்குத்தந்தை கேட்பார். ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் வேறு சபை என்றால் ஆயரின் அனுமதியும் வேண்டும். அதற்கென்று தனியாக நாள் ஒதுக்குங்கள்.

சிறு சபைகளைச் சேர்ந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலியாணம் நடத்தப் பதிவான வழிபாட்டிடத்தில்தான் போதகர் நடத்தும் திருமணம் சட்டப்படி பதிவாகும். தகரக் கொட்டிலில் கூடும் பல சபைகளுக்கு இந்தப் பதிவு இல்லை. அங்கே போதகர் ஆசீர்வதிப்பார், பதிவாளர் வந்து தனியே பதிவார். பதிவாளரை முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் ஆசீர்வாதம் ஒரு திகதியிலும் பதிவு இன்னொரு திகதியிலும் விழும். பிறகு விசா விண்ணப்பத்தில் எந்தத் திகதியை எழுதுவது என்று தலையைச் சொறிய வேண்டிவரும். பதிவுத் திகதியைத்தான் எழுத வேண்டும்.

ஆவணக் கோப்பு

வன்னியில் இந்தப் பகுதிக்கு ஒரு தனிப் பாரம் உண்டு. 2009 வரையான இடப்பெயர்வுகளில் மூல ஆவணங்களை இழக்காத குடும்பம் அருமை. பிறப்புச் சான்றிதழின் போட்டோப் பிரதியின் பிரதியை வைத்துக்கொண்டே பலர் இத்தனை காலத்தையும் ஓட்டியிருப்பார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு அது போதாது. கணினிமயமான பதிவென்றால் எந்தப் பிரதேச செயலகத்திலும் புதிய பிரதி எடுக்கலாம். பதிவேடே அழிந்தவர்கள் அல்லது பதியப்படாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் வழியாகப் போக வேண்டியிருக்கும். அதற்கு மாதங்கள் ஆகலாம் என்பதால், எல்லாவற்றிலும் முதல் வேலையாக இதைத் தொடங்குங்கள்.

கையில் வந்ததும் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஞானஸ்நானப் பதிவில் மூன்றாவது எழுத்து என்பது இங்கே சாதாரணம். கோயில் பதிவில் பரிசுத்தவான் பெயரும் அரச பதிவில் வீட்டுப் பெயரும் இருக்கும். கலியாணப் பதிவில் எந்தப் பெயர் ஏறுகிறதோ அதுதான் பிறகு எல்லா இடத்துக்கும் போகும். பதிவாளர் எழுதி முடித்ததும், வீடியோக்காரர் "இஞ்ச பாருங்கோ" என்று கூப்பிட்டாலும், ஒரு நிமிடம் குனிந்து வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கடவுச்சீட்டுக்கு வவுனியாவிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அதற்காகப் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்கு ஓட வேண்டியதில்லை. படம் அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவில் எடுக்க வேண்டும். பழைய கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்று பாருங்கள்.

மணமகள் கவனத்துக்கு: பயணம் முடியும் வரை தகப்பன் பெயரிலிருந்து கணவன் பெயருக்கு மாறும் வேலையைத் தொடவே வேண்டாம். கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு, தடுப்பூசிப் புத்தகம் நான்கிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். மாற்ற விரும்பினால் திரும்பி வந்து ஆறுதலாக மாற்றலாம்.

நீண்ட ஊழியத்துக்குப் போகிறவர்கள் விவாகச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்து, வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டியிருக்கலாம். யாழ்ப்பாணத்திலும் அதற்குக் கிளை உண்டு. பிள்ளைகள் மத்தியில் வேலை என்றால், அழைக்கும் சபை பொலிஸ் சான்றிதழ் கேட்கும். கேட்காவிட்டாலும் எடுத்து வையுங்கள்.

எந்த விசா?

இதில் மறைத்துப் பேசுவது ஊழியத்துக்கும் கேடு, உங்களை அழைத்த சபைக்கும் கேடு. இந்தியாவுக்குச் சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் செய்ய முடியாது. மிஷனரிப் பணிக்கென்று தனி விசா வகை இருக்கிறது. நேபாளத்தில் 2018 ஓகஸ்ட்டிலிருந்து நடைமுறையில் உள்ள சட்டப்படி மதம் மாற்றுவது ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். "சும்மா உறவினரைப் பார்க்கப் போறம்" என்று எழுதச் சொல்கிற முகவரை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். என்ன வேலைக்குப் போகிறீர்கள் என்று அழைப்புக் கடிதத்தில் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

விசாவுக்குக் கைரேகை எடுக்கும் நாளுக்கும் மருதாணி போடும் நாளுக்கும் இடையில் நல்ல இடைவெளி வேண்டும். விரல் நுனியில் மருதாணி இருந்தால் கைரேகை சரியாக விழாமல் திருப்பி அனுப்பக்கூடும். கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய் இதற்காகத் திரும்பி வருவது யாருக்கும் வேண்டாத வேலை. கலியாணத்துக்குப் பிறகுதான் கைரேகை என்றால், மருதாணியை உள்ளங்கையோடு நிறுத்திவிடுங்கள்.

தடுப்பூசியும் புதுமணத் தம்பதியும்

பயணக் குழுக்கள் அதிகம் யோசிக்காத இடம் இது. ஆபிரிக்காவுக்குப் போகும் தம்பதிக்கு மிக முக்கியமானதும் இதுதான்.

உகண்டா போன்ற நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். அந்த நாட்டிலிருந்து திரும்பிக் கட்டுநாயக்காவில் இறங்கும்போதும் அதைக் கேட்பார்கள். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடலாம். போட்டுப் 10 நாட்கள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும்; பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். ஆகவே கைரேகை, தடுப்பூசி, கொழும்பில் செய்ய வேண்டிய கலியாணக் கொள்வனவு எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் முடிக்கப் பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியால் ஆனது. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகப் போடமாட்டார்கள். புதுமணத் தம்பதிகளைப் பதியும் குடும்பநல உத்தியோகத்தர் மணமகளுக்கு ருபெல்லா ஊசி போட்டாயிற்றா என்றும் கேட்பார். அதுவும் உயிருள்ள வகைதான். ஒன்றைப் போட்டு மற்றதைப் போட நான்கு வாரமாவது விடச் சொல்வார்கள், போட்ட பிறகு ஒரு மாதமாவது கருத்தரிக்காமல் இருக்கவும் சொல்வார்கள். கலியாணத்துக்குச் சில மாதம் முன்பே இரண்டையும் முடித்துவிட்டால் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. இரண்டு இடத்திலும் மற்ற ஊசியைப் பற்றிச் சொல்லுங்கள், கலியாணத் திகதியையும் சொல்லுங்கள். வெட்கப்படுகிற பிள்ளைகளோடு ஒரு மூத்த அக்காவை அனுப்புங்கள்.

அடுத்தது மலேரியா. ஒருகாலத்தில் வன்னியென்றாலே மலேரியா என்பார்கள். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. அதனால் இப்போதைய இளையவர்களுக்கு அந்தக் காய்ச்சலைத் தெரியாது, அதை எதிர்க்கும் பழக்கமும் உடம்பில் இல்லை. மலேரியா உள்ள நாட்டுக்குப் போகிறவர்களுக்கு மலேரியாத் தடுப்பு இயக்கம் தடுப்பு மாத்திரைகளை இலவசமாகத் தருகிறது. மாவட்டத்தில் உள்ள அதன் அலுவலகத்தில் கேளுங்கள். சில மாத்திரைகளைப் பயணத்துக்கு முன்பே தொடங்க வேண்டும், திரும்பி வந்த பிறகும் விழுங்க வேண்டும்.

கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் பெரிய ஆபத்து. கலியாணமாகி ஓரிரு மாதத்தில் மலேரியாப் பகுதிக்குப் போகும் தம்பதி, பிள்ளையைப் பயணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்வதா என்பதைக் கலியாணத்துக்கு முன்பே இருவரும் பேசி, வைத்தியரிடமும் கேட்டுவிட வேண்டும். இடையில் கரு தங்கிவிட்டால் மணமகள் பயணத்தை விடுவதில் எந்தக் குறையும் இல்லை. அதைச் சபை முன்கூட்டியே சொல்லிவைத்தால் அந்தப் பிள்ளை மறைத்துக்கொண்டு விமானம் ஏறமாட்டாள்.

காசு: இரண்டு பை

கலியாணக் கணக்கு வீட்டாருடையது. பயணக் கணக்கு சபையினுடையது. பொருளாளர் ஒருவரும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் அதற்கு வேண்டும். கலியாண வரவேற்பில் மிஷன் காணிக்கைப் பெட்டி வைப்பதைச் சிலர் நல்ல யோசனை என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வந்த சனம் ஒரு என்வலப்பைத்தான் கொண்டுவந்திருக்கும். அதை எந்த மேசையில் வைப்பது என்று அவர்களை நெளிய வைக்கக் கூடாது. காணிக்கை எடுக்க விரும்பினால் வேறொரு ஞாயிறு ஆராதனையில் எடுங்கள்.

என்வலப் மேசையில் இருவர் இருக்கட்டும், ஒருவர் பிரிக்க மற்றவர் கொப்பியில் பெயரும் தொகையும் எழுதட்டும். திரும்பச் செய்ய வேண்டிய கடன் அது என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. கலியாணக் காசு முழுவதையும் ஒரே நாளில் வங்கியில் போட்டு, மறுகிழமை அந்த வங்கி அறிக்கையை விசாவுக்குக் கொடுத்தால், இந்தப் பெருந்தொகை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். அப்போது அழைப்பிதழும் இந்தக் கொப்பியின் பிரதியும் சிறு விளக்கக் கடிதமும் உதவும். தனித்தனியாக விசா எடுப்பவர்களுக்கு அதைவிட நல்லது, விண்ணப்பத்தைக் கலியாணத்துக்கு முன்பே போடுவது.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் உதவியை வங்கி வழியாகவே எடுங்கள். வங்கியைச் சாராத உண்டியல்காரர் வழியாக வரும் காசு விரைவாக வரலாம், ஆனால் எந்த அறிக்கையிலும் காட்ட முடியாது.

நகையை அடகு வைத்து விமானச் சீட்டு எடுக்க வேண்டாம். ஊழியத்திலிருந்து திரும்பும் பிள்ளைக்கு வட்டி காத்திருக்கக் கூடாது. சீட்டுக் காசு சேரவில்லை என்றால் பயணத்தை அடுத்த குழுவுக்குத் தள்ளிவைக்கலாம்.

கலியாண நாள்

கோயில் வளவு அல்லது பொதுநோக்கு மண்டபம், வாழைமரம், ஒரு நல்ல சமையல்காரர், நாலு கிடாரம் சோறும் கறியும். வன்னிக் கலியாணத்துக்கு இதற்கு மேல் தேவையில்லை. பலகாரம் சுடுவதை மட்டும் கடைக்கு விடாதீர்கள். மூன்று நாளைக்கு முன்பே அயல் பெண்கள் கூடி, ஒருத்தி பயத்தம் மா குழைக்க இன்னொருத்தி அச்சில் முறுக்குப் பிழிய, பாதிப் பேர் வேலையும் மீதிப் பேர் கதையுமாகப் போகும் அந்த இரவில்தான் கலியாண வீடு களைகட்டும். மணமகள் தூங்கப் போகட்டும். முந்திய வாரம் ஊசி போட்டு உடம்பு வலிக்கிற பிள்ளையென்றால் கட்டாயம் போகட்டும்.

தகப்பன் இல்லாத மணமக்கள் இங்கே பலர். கோயில் வாசலிலிருந்து பீடம் வரை மகளை யார் கூட்டிக்கொண்டு போவது என்ற கேள்வி வரும்போது, உடனே ஒரு சித்தப்பாவைத் தேடுகிறோம். வளர்த்த தாய் வெள்ளைச் சேலையில் மூன்றாவது வாங்கில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பார். கிறிஸ்தவத் திருமணத்தில் விதவை ஒதுங்க வேண்டும் என்று எந்த ஒழுங்கும் இல்லை. "அம்மாவே கூட்டிக்கொண்டு வாறா" என்று போதகரிடம் சொல்லுங்கள். முணுமுணுக்கிற ஒன்றிரண்டு பேர் சாப்பிட்ட பிறகு சரியாகிவிடுவார்கள்.

குழுவை அனுப்பும் ஜெபத்தைத் திருமண ஆராதனையோடு சேர்க்க வேண்டாம். வேறு பிள்ளைகளும் அந்தக் குழுவில் இருப்பார்கள். அவர்களுடைய தாய்மாரும் தங்கள் பிள்ளை முழங்காலில் நிற்பதைப் பார்க்க வேண்டும். பயணத்துக்கு முந்திய ஞாயிறு அதற்கு நல்ல நாள். கோவாவிலிருந்து வந்து மறைந்து மறைந்து இந்தப் பக்கமெல்லாம் நடந்த யோசேப் வாஸ் அடிகளார், 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் புனிதராக்கப்பட்டார். அன்றைக்கே பாப்பரசர் மடுவுக்கும் வந்தார். மிஷனரிகளை வரவேற்றே பழகிய மண், இப்போது தன் பிள்ளைகளை அனுப்புகிறது. அந்த ஞாயிறு பிரசங்கத்துக்குப் போதகர் வேறு பொருள் தேடத் தேவையில்லை.

விருந்து மாதம்

கலியாணம் முடிந்ததும் உறவினர் வீடுகளில் விருந்து தொடங்கும். மாங்குளத்தில் பெரியம்மா, முல்லைத்தீவில் மாமா, வவுனியாவில் தோழன் வீடு. ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாவிட்டால் மனக்குறை. பயணம் இருக்கிற தம்பதி எல்லா வீட்டுக்கும் போக முடியாது. பெற்றோர் இரு பக்கமும் கூடி, பயணத்துக்கு முன் போக வேண்டிய நெருங்கிய வீடுகளையும் திரும்பி வந்து போகும் வீடுகளையும் பிரித்துக்கொள்ளட்டும். பிந்திய வீடுகளுக்கு நேரில் போய், "வந்த உடனே உங்கட வீடுதான்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். தொலைபேசியில் சொன்னால் எடுபடாது.

பயணத்துக்கு முந்திய கடைசி வாரம் விருந்தே வேண்டாம். கோழியும் நண்டுமாக மூன்று நாள் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டு விமானம் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புறப்படும்போது

தாலிக்கொடி கனமென்றால் அதை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, தாலியை மெல்லிய சங்கிலியில் கோத்துக்கொண்டு போகலாம். மற்ற நகைகள் வீட்டிலேயே இருக்கட்டும். எல்லா ஆவணத்துக்கும் இரண்டு பிரதி. ஒன்று மணமகன் பையில், ஒன்று மணமகள் பையில், படங்கள் இருவர் தொலைபேசியிலும். குழுத் தங்குமிடங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை கொடுப்பது வழக்கம். தம்பதிக்குத் தனி அறை கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், கிடைக்காவிட்டால் போய் இறங்கி முகம் சுளிக்காமல் இருக்கலாம்.

திரும்பி வந்ததும் பயணக் கணக்கைச் சபையில் வாசியுங்கள். மலேரியா உள்ள நாட்டுக்குப் போனவர்கள், ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும் பரசிட்டமோலோடு படுத்துவிடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போய், எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லி, மலேரியா இரத்தப் பரிசோதனை செய்யக் கேளுங்கள். மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இன்னும் இங்கே இருக்கிறது. பிந்திய விருந்துகளுக்கு நீங்கள் போகும் வீடுகளில் சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள்.